வாசலில் நிற்பவர்கள் யாரை நம்பி நிற்கிறார்கள்?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நமது நிகழ்ச்சிக்கு ஒரு தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறார். பேரக்குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில், தம் மருமகள் தவக்காலம் முழுவதும் வாரம் ஒரு மணி நேரம், கருக்கலைப்பு செய்யப்படும் ஒரு மருத்துவ நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் நின்று செபமாலை சொல்லிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பிய மருமகள், "அஞ்சு வாரமா நிக்கிறேன் அத்தை. உள்ளே போறவங்க போயிக்கிட்டேதான் இருக்காங்க. ஒருத்தர்கூட நின்னு திரும்பிப் பார்க்கல. ஆண்டவர் கேட்கிறாரா?" என்று கேட்டாராம். "அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும் சாமி?" என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி.

இது நேர்மையான கேள்வி. நோயாளி மகனுக்காக வருடக் கணக்கில் செபிக்கும் தாயும், குடிக்கும் கணவனுக்காக நவநாள் சொல்லும் மனைவியும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் கடிதம் எழுதிய தாயாருக்கு மட்டுமல்ல, நம் எல்லாருக்குமாக இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில், இந்தச் செபம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு முழு இரவு செபம் தெரியும். பெரிய வியாழன் இரவில் நற்கருணை ஆண்டவர் முன்னிலையில் அன்பியம் வாரியாக மணி நேரம் பிரித்துக்கொண்டு விழித்திருப்பது தெரியும். கெத்சமனித் தோட்டத்தில் சீடர்களால் ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியாமல் போனதை நினைத்து நாம் அப்படிச் செய்கிறோம். அந்த விழிப்பைக் கோவிலுக்குள் வைக்காமல், குழந்தைகளின் உயிர் போகும் இடத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் எப்படியோ, அதுதான் இது.

அமெரிக்காவில் இதற்கு முழுமையான கத்தோலிக்க வடிவம் கொடுத்தவர் புரூக்ளின் மறைமாவட்டத்தைச் சேர்ந்த அருள்தந்தை பிலிப் ரைலி. 1989-ஆம் ஆண்டு அவர் ஒரு செபக் குழுவைத் தொடங்கினார். கடவுளின் விலைமதிப்பற்ற குழந்தைகளுக்குத் துணை நிற்பவர்கள் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். முதலில் ஆலயத்தில் திருப்பலி. பிறகு ஒரு பகுதியினர் செபமாலை சொல்லிக்கொண்டே மருத்துவ நிலையம் வரை பவனியாகப் போவார்கள். இன்னொரு பகுதியினர் ஆலயத்திலேயே நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டு இருப்பார்கள். போனவர்கள் நின்று செபித்துவிட்டு மீண்டும் ஆலயத்துக்கு வந்து நற்கருணை ஆசீர் பெற்று வீட்டுக்குப் போவார்கள். புரூக்ளினின் அன்றைய ஆயர் தாமஸ் டெய்லி அவர்களும் இந்த மக்களோடு நடந்து போய்ச் செபித்திருக்கிறார்.

இன்னொரு வடிவம் 2004-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிரையன் என்ற ஊரில் பிறந்தது. அந்த ஊரில் பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற நிறுவனத்தின் கருக்கலைப்பு நிலையம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் உழைத்துச் சோர்ந்துபோன ஒரு சிறு அமைப்பினர், இனி என்ன செய்வது என்று தெரியாமல், நான்கு பேர் ஒரு மர மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் செபித்தார்கள். நோவாவின் வெள்ளம், மோசேயின் சீனாய் மலை, எலியாவின் பயணம், நம் ஆண்டவரின் பாலைநில நோன்பு ஆகிய எல்லாவற்றிலும் வரும் நாற்பது என்ற எண் அவர்கள் மனத்தில் பதிந்தது. நாற்பது நாள், இரவும் பகலும், இடைவிடாமல் அந்த நிலையத்துக்கு வெளியே யாராவது ஒருவர் நின்று செபிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 960 மணி நேரம். ஒரு சிறிய ஊரில் நள்ளிரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆள் வேண்டும். ஆள்கள் வந்தார்கள். 2007-இல் இது அமெரிக்காவின் பல நகரங்களில் ஒரே காலத்தில் நடந்தது. இன்று பல நாடுகளில், ஆண்டுக்கு இருமுறை, தவக்காலத்திலும் செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் தொடக்கம் வரையிலும் நடக்கிறது. இதில் கத்தோலிக்கரோடு பிற சபையினரும் சேர்ந்து நிற்கிறார்கள்.

தன்னார்வலராக வருகிறவர் என்ன செய்ய வேண்டும்? தம் பெயரை ஒரு மணி நேரத்துக்கு எழுதிக்கொள்ள வேண்டும். அமைதி காப்பேன், சட்டத்தை மீற மாட்டேன், யாரையும் மிரட்டவோ தடுக்கவோ மாட்டேன் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். நிலையத்தின் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. பொது நடைபாதையில் நிற்க வேண்டும். உள்ளே போகும் பெண்ணிடம் பேசுவதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் தனியாக இருப்பார்கள். அவர்கள் மெதுவாக, உதவி வேண்டுமா என்று கேட்பார்கள். மற்றவர்களின் வேலை செபிப்பது மட்டுமே. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. அச்சத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால், பத்து வார்த்தையும் நல்ல வார்த்தையாகவே இருந்தாலும், அவள் காதில் அது கூச்சலாகத்தான் விழும்.

அந்த ஒரு மணி நேரம் வெளியிலிருந்து பார்க்க மிகச் சாதாரணமானது. கையில் செபமாலை, காலில் வலி. வெயிலோ பனியோ உண்டு. போகிற வண்டிகளில் சிலர் கை காட்டுவார்கள், சிலர் கெட்ட வார்த்தை சொல்லுவார்கள், பெரும்பாலானோர் பார்க்கவே மாட்டார்கள். ஒரு கார் வந்து நிற்கும். ஒரு பெண் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவாள். அவள் எதற்காகப் போகிறாள் என்பதுகூட நிற்பவருக்கு உறுதியாகத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வருவாள். அதற்குள் இவருடைய மணி நேரம் முடிந்திருக்கலாம். இவர் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நின்றதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்பதுபோல இருக்கும்.

இங்கேதான் இறைநம்பிக்கை என்ற சொல்லை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம்பிக்கை என்றால், "இன்றைக்கு நான் நின்றால் ஒரு குழந்தையாவது காப்பாற்றப்படும்" என்று உறுதியாக எண்ணுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து நிற்பவர் மூன்றாவது வாரத்தில் சோர்ந்துபோவார். ஏனெனில் அவர் நம்பியது கடவுளை அல்ல, தாம் எதிர்பார்த்த விளைவை. விளைவு வரவில்லை என்றதும் நம்பிக்கையும் போய்விடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. நல்ல மனம் கொண்டவர்களுக்குத்தான் இது இன்னும் கடினம். குழந்தையின் உயிர் போகிறதே என்ற தவிப்பு உண்மையானது. அந்தத் தவிப்பு இல்லாதவர் அங்கே வந்து நிற்கவே மாட்டார்.

திருப்பாடல் 127-ஐ வீட்டுக்குப் போனதும் எடுத்து வாசியுங்கள். ஆண்டவர் நகரைக் காக்காவிட்டால் காவலாளர் விழித்திருப்பது வீண் என்ற கருத்து அதில் வருகிறது. விழித்திருப்பது வீண் என்று மட்டும் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் தூங்கப் போகலாம்" என்று முடிவு செய்யக் கூடாது. அந்தப் பாடல் காவலாளரை வேலையிலிருந்து நீக்கவில்லை. நகரைக் காப்பவர் வேறொருவர் என்பதைக் காவலாளருக்கு நினைவூட்டுகிறது. மருத்துவ நிலையத்து வாசலில் நிற்கும் பெண் அந்தக் குழந்தையின் மீட்பர் அல்ல. மீட்பர் ஏற்கெனவே இருக்கிறார். அந்தத் தாயின் கருவறைக்குள் அவர் பார்வை எட்டுகிறது. நடைபாதையில் நிற்கும் நமக்கு அந்தக் கண்ணாடிக் கதவு வரைதான் எட்டும்.

விடுதலைப் பயணம் 17-ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி உண்டு. கீழே யோசுவா அமலேக்கியரோடு போரிடுகிறார். மேலே குன்றின் உச்சியில் மோசே கைகளை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேலுக்கு வெற்றி, கை தாழ்ந்தால் எதிரிக்கு வெற்றி. மோசேயின் கை தளர்ந்தபோது, ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அதன்மேல் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கமாக நின்று அவர் கைகளைத் தாங்கிப் பிடித்தார்கள். எத்தனை முறை இதை வாசித்திருக்கிறோம்! மோசேகூடத் தனியாக நின்று செபிக்க முடியவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. 960 மணி நேரத்தை ஒருவரால் சுமக்க முடியாது என்பதால்தான் அதை மணி மணியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஐந்து வாரம் நின்று கை தளர்ந்த அந்த மருமகளுக்குத் தேவைப்படுவது ஒரு விளக்கம் மட்டுமல்ல, அடுத்த வாரம் அவரோடு வந்து பக்கத்தில் நிற்கும் ஒரு ஆள். கடிதம் எழுதிய தாயாரே, நீங்கள் அங்கே இருக்கும்வரை நீங்களே போகலாமே. மொழி தெரியாவிட்டால் என்ன, செபமாலையைத் தமிழில் சொல்லுங்கள்.

இப்போது "ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை" என்ற மனக்குறைக்கு வருவோம்.

பிரையன் நகரில் அந்த முதல் நாற்பது நாள் நடந்தபோது, வேலிக்கு உள்ளே ஏபி ஜான்சன் என்ற இளம்பெண் பணியாற்றிக்கொண்டிருந்தார். 2001-இல் கல்லூரி மாணவியாக இருந்தபோது, பெண்களுக்கு உதவுகிறோம் என்ற எண்ணத்தோடு தன்னார்வலராக அங்கே சேர்ந்தவர் அவர். பின்னர் அந்த நிலையத்தின் இயக்குநராகவே உயர்ந்தார். வெளியே நின்று செபித்தவர்களை அவர் தினமும் பார்த்தார். முதலில் அங்கே வந்த எதிர்ப்பாளர்களில் சிலர் கோரமான படங்களைத் தூக்கிக்கொண்டு கத்தியதையும், எமனைப்போல வேடம் போட்டு ஒருவர் நின்றதையும் அவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். அவர்களைப் பார்த்தபோது, நாம் உள்ளே இருப்பதே சரி என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் செபிக்க வந்தவர்கள் வேலிக்கு அப்பால் நின்று அவருக்கு வணக்கம் சொன்னார்கள், அவர் பெயரைத் தெரிந்துகொண்டார்கள், அவருக்காகவும் செபித்தார்கள்.

2009 செப்டம்பரில், ஒரு கருக்கலைப்பின்போது உதவிக்கு அழைக்கப்பட்டதாகவும், ஸ்கேன் திரையில் தாம் கண்டதே தம் மனத்தை மாற்றியதாகவும் அவர் சொன்னார். அக்டோபரில் பதவி விலகினார். அவர் சொன்ன விவரத்தை அந்த நிறுவனம் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் இரண்டையும் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அவர் எந்தக் கதவைத் தட்டினார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேலிக்கு வெளியே நின்று செபித்தவர்களின் அலுவலகக் கதவைத்தான் தட்டினார். பிறகு கத்தோலிக்கத் திரு அவையிலும் இணைந்தார்.

2004-இல் நள்ளிரவு மூன்று மணிக்கு அந்தப் பூட்டிய கட்டடத்துக்கு முன்னால் நின்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே யாருமே இல்லை. அவர் செபத்தைக் கேட்க ஒரு காவலாளிகூட இல்லாமல் இருந்திருக்கலாம். ஐந்து ஆண்டுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சிலர் அதற்குள் ஊரைவிட்டே போயிருப்பார்கள், சிலர் இறந்துகூட இருப்பார்கள். மாற்கு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையில், விதைத்தவர் தூங்குகிறார், எழுகிறார். விதை எப்படி முளைக்கிறது என்று அவருக்கே தெரியாமல் அது முளைத்து வளர்கிறது. நம் ஊர் விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பவர் விவசாயி ஆக மாட்டார்.

பிரையன் நிலையம் 2013-இல் மூடப்பட்டது. செபித்தவர்கள் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். அரசு நிதி குறைந்ததே காரணம் என்று நிறுவனம் சொன்னது. அந்த ஆண்டு மாநிலத்தின் சட்டமும் கடுமையானது. பின்னர் அதே கட்டடம் நாற்பது நாள் செபத்தை நடத்துபவர்களின் அலுவலகமாக ஆனது. எது காரணம் என்று நாம் வாதிட வேண்டியதில்லை. நிதியும் சட்டமும் கடவுளின் கைக்கு எட்டாதவையா என்ன? அதே நேரத்தில் இந்தக் கதையை ஒரு சூத்திரமாக மாற்றிவிடக் கூடாது. "ஐந்து வருடம் செபித்தால் இயக்குநர் மனம் மாறுவார், ஒன்பது வருடம் செபித்தால் கட்டடம் மூடும்" என்று கடவுளோடு ஒப்பந்தம் போட முடியாது. இருபது ஆண்டு செபித்தும் எதையும் காணாத குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் செபம் குறைவான செபம் அல்ல.

ஏன் அல்ல என்பதற்குக் கல்வாரிதான் பதில். புரூக்ளின் குழுவினர் தங்கள் செபத்தைக் கல்வாரியோடு சேர்த்தே புரிந்துகொள்கிறார்கள். சிலுவையின் அடியில் அன்னை மரியா நின்றார், யோவான் நின்றார். அவர்கள் ஆணியைப் பிடுங்கவில்லை. படைவீரரைத் தடுக்கவில்லை. மகன் இறப்பதைத் தடுக்க அந்தத் தாயால் முடியவில்லை. ஆனாலும் நின்றார். யோவான் நற்செய்தியாளர் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார், நின்றுகொண்டிருந்தார் என்று. மற்றவர்கள் ஓடிப்போன இடத்தில் அன்னை நின்றதால் என்ன பயன் என்று அன்று மாலை யாராவது கேட்டிருந்தால், எருசலேமில் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. ஒரு குழந்தை சாகப்போகிறது, அதை இந்த உலகத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்ற நிலை வரக் கூடாது. அதன் பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆயினும் அதற்காக ஒருவர் வெயிலில் நின்றார். இதைத்தான் அந்த மருமகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். அம்மா, நீங்கள் ஐந்து வாரமாகச் சும்மா நிற்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கும் அவர்களின் தாய்மார்களுக்கும் துணையாக நின்றிருக்கிறீர்கள்.

இப்படி நம்பி நிற்பவரின் நடத்தையே வேறுவிதமாக இருக்கும். விளைவு தம் கையில் இல்லை என்று தெரிந்தவருக்குக் கோபம் வராது. கத்த வேண்டிய தேவையும் இருக்காது. "கொலைகாரி" என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லுகிறவர், கடவுள் வேலை செய்ய மாட்டார், நான்தான் இவளைத் தடுத்தாக வேண்டும் என்று உள்ளுக்குள் நினைப்பவர். அது பக்திபோலத் தெரிந்தாலும் நம்பிக்கையின்மைதான். அதேபோல, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று கணக்கெழுதி மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், வாசலில் நின்று படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். அந்தப் படத்தில் பின்னால் முகம் தெரிவது யாருடைய மகளோ!

சட்டத்தையும் மதிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 அக்டோபர் 31 முதல் இத்தகைய நிலையங்களைச் சுற்றி 150 மீட்டர் எல்லைக்குள் உள்ளே செல்பவர்மீது செல்வாக்குச் செலுத்தும் வகையில் எதையும் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி அங்குள்ள ஆயர்கள் தங்கள் கவலையை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் கடமை. ஆனால் செபிக்க இடமில்லாமல் போய்விடவில்லை. நற்கருணைப் பேழைக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடவுள் மீட்டரில் அளப்பதில்லை. புரூக்ளினில் பாதிப் பேர் ஆலயத்திலேயே இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். 2010 நவம்பர் 27 அன்று, திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் கருவிலிருக்கும் எல்லா உயிர்களுக்காகவும் ஒரு திருவிழிப்புச் செபத்தைப் புனித பேதுரு பெருங்கோவிலில் நடத்தியபோது, உலகெங்கும் பங்குகளில் அவ்வாறே செய்யும்படி கேட்டுக்கொண்டார். அது கோவிலுக்குள் நடந்த விழிப்புதான்.

கடவுளை நம்புகிறேன் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் தவறு. வாசல்வரை வந்து மனம் மாறித் திரும்பும் பெண்ணுக்கு, அன்று மாலை வீட்டில் அதே பிரச்சினைதான் காத்திருக்கிறது. அதே கடன், கைவிட்ட அதே காதலன், அதே தாய் தந்தை. பசியோடு இருப்பவரைப் பார்த்து, போய்ப் பசியாறு என்று வாயால் மட்டும் சொல்வதில் என்ன பயன் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்கிறார். நாற்பது நாள் செபத்தின் ஒழுங்கிலேயே, செபமும் நோன்பும், விழித்திருத்தல், சமூகத்தில் எடுத்துச் சொல்லுதல் என்று மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. பல இடங்களில் அருகிலேயே ஓர் உதவி இல்லம் இருக்கும். இலவசமாக ஸ்கேன் எடுப்பார்கள், குழந்தைக்குத் துணியும் பாலும் கொடுப்பார்கள், தங்க இடம் தேடித் தருவார்கள். செபிப்பவருக்கும் உதவி செய்பவருக்கும் இடையே போட்டி இல்லை. பவுல் நட்டார், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், விளையச் செய்தவர் கடவுள் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறதே, அதே ஒழுங்குதான்.

இங்கே நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்மிடம் சாலையோரத்தில் நின்று செபிக்கும் வழக்கம் இல்லை. இங்கே அந்த முடிவு பெரும்பாலும் வீட்டு அறைக்குள் எடுக்கப்படுகிறது. பெண் குழந்தை என்று தெரிந்து அழித்த கொடுமையைத் தடுக்க 1994-இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றத் தமிழ்நாட்டு அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த வீடுகளின் வாசலில் யார் நிற்பது? திருமணமாகாமல் கருவுற்ற ஒரு பெண்ணைப் பற்றிக் கோவில் வளாகத்திலேயே நின்று நாலு பேர் பேசும் பேச்சு, எந்த மருத்துவ நிலையத்தின் கதவையும்விட வேகமாக அவளை உள்ளே தள்ளுகிறது. மூன்றாவதும் பெண்ணா என்று உச்சுக்கொட்டும் மாமியாரும் அதைத்தான் செய்கிறார். ஒரு பங்கில் அப்படிப்பட்ட பெண் துணிந்து குழந்தையைப் பெற்றெடுத்தால், அந்தக் குழந்தைக்கு முதல் ஞானஸ்நான உடை எடுத்துக் கொடுப்பது அன்பியத்துக் குடும்பங்களாக இருக்க வேண்டும். விடுதலைப் பயண நூலின் தொடக்கத்தில் வரும் சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவச்சிகளும் பார்வோனை எதிர்த்து மேடை போட்டுப் பேசவில்லை. கடவுளுக்கு அஞ்சினார்கள். குழந்தைகளை உயிரோடு விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்.

அந்த மருமகளுக்கும், அவரைப்போல நிற்கும் மற்றவர்களுக்கும் நடைமுறையாகச் சில சொல்கிறேன். நிற்கப் போகும் முன் முடிந்தால் திருப்பலியில் பங்குபெறுங்கள். அல்லது ஐந்து நிமிடமாவது நற்கருணைக்கு முன் இருந்துவிட்டுப் போங்கள். செபமாலையில் துயர மறைபொருள்களைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு பத்து மணியைக் குழந்தைகளுக்காகவும், ஒன்றைத் தாய்மார்களுக்காகவும், ஒன்றைத் தந்தையருக்காகவும் சொல்லுங்கள். தந்தையரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். காரில் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் அவர்கள்தான். நான்காவதை உள்ளே பணியாற்றுபவர்களுக்காக, பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். ஐந்தாவதை உங்களுக்குப் பின் வந்து நிற்கப் போகிறவருக்காகச் சொல்லுங்கள். மணி முடிந்ததும் வீட்டுக்குப் போங்கள். அதற்குப் பிறகும் நின்று, கடைசியாக உள்ளே போன பெண் என்ன ஆனாள் என்று பார்க்க வேண்டாம். அவளைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சமையலைப் பாருங்கள், பிள்ளையைப் பாருங்கள், நன்றாகத் தூங்குங்கள். அடுத்த வாரமும் இப்படி நின்றும் எதையும் காணாமல் திரும்ப நேரலாம். அப்போதும் உங்கள் பெயரை அந்தப் பட்டியலில் எழுதுங்கள்.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கருக்கலைப்பு செய்துகொண்ட சகோதரிகள் நிச்சயமாக இருப்பார்கள். இருபது முப்பது ஆண்டுக்கு முன்னால் நடந்ததாக இருக்கலாம். கணவர் சொன்னார், மாமியார் சொன்னார், பயம், வறுமை என்று எத்தனையோ காரணம் இருந்திருக்கும். இந்த மறையுரையைக் கேட்டு உங்கள் நெஞ்சு கனத்திருந்தால், உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைப் பேசவில்லை. வாசலில் நின்று செபிப்பவர்களும் உங்களுக்கு எதிராக நிற்கவில்லை. அவர்களின் செபத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். புனித இரண்டாம் யோவான் பவுல் 1995 மார்ச் 25 அன்று வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி என்ற திருமடலில், 99-ஆம் எண்ணில், உங்களைப் போன்றவர்களிடமே நேராகப் பேசுகிறார். நம்பிக்கை இழக்க வேண்டாம், இரக்கத்தின் தந்தை ஒப்புரவு அருளடையாளத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்பது அவர் சொன்னதன் சாரம். அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு முதல் ராகேலின் பெயரால் ஒரு பணி நடந்துவருகிறது. தன் பிள்ளைகளுக்காக அழுத ராகேலை எரேமியா நூலில் பார்க்கிறோம். அந்தப் பணி இப்படிப்பட்ட பெண்களுக்கு ஆற்றுப்படுத்துதலும் அருளடையாளத் துணையும் தருகிறது. அந்தப் பெண்களில் சிலர் இன்று அதே நடைபாதைகளில் நின்று செபிக்கிறார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பாவத்தை மன்னிக்க ஆயரின் தனி அனுமதி வேண்டும் என்ற நிலை பல மறைமாவட்டங்களில் இருந்தது. அதை நினைத்தே பலர் ஒப்புரவுக்கு வராமல் இருந்துவிட்டார்கள். 2016 நவம்பரில், இரக்கத்தின் யூபிலி ஆண்டு நிறைவுற்றபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கான அதிகாரத்தை எல்லா அருள்தந்தையருக்கும் நிலையாக வழங்கிவிட்டார். எனவே யாரிடமும் முன்கூட்டிக் கடிதம் வாங்க வேண்டியதில்லை. உங்கள் பங்கில் வெட்கமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள். சனிக்கிழமை மாலை எந்தக் கோவிலில் ஒப்புரவுக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கே போய் முழந்தாளிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். அவர் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்.